அடைமழைக்கு முன் டிராக்டரும் டயர் வண்டியும்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது முன்னோர் வாக்கு. கடலூர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அந்த மழை இறங்குவதற்கு முன் விவசாயிகள் வரப்பை உயர்த்துகின்றனர். வடிகாலைத் தூர் வாருகின்றனர். வைக்கோல் போரை மூடி வைக்கின்றனர். ஆனால் உழவுக்கும் பாரத்துக்கும் நாள் முழுவதும் உழைக்கிற டிராக்டரையும், டிரெய்லரையும், டயர் வண்டியையும் மழைக்கென்று தயார் செய்யும் பழக்கம் இன்னும் பரவலாக வரவில்லை. ஓடுகிற வரை ஓடட்டும், நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றனர்.

நின்றால் என்ன ஆகும் என்பதைச் சிதம்பரம் பகுதி விவசாயிகள் நன்கு அறிவர். மேட்டூர் நீர் கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன் வாய்க்காலுக்கும் திறக்கப்பட்டதும் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், புவனகிரி வட்டங்களில் எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் சேற்றுழவு தேவைப்படுகிறது. ஓர் ஊரில் இருப்பதோ இரண்டு மூன்று டிராக்டர்கள். அவற்றில் ஒன்று முள் குத்தி டயர் இறங்கியோ, டீசலில் தண்ணீர் கலந்தோ நான்கு நாள் நின்றால், அதன் முறைக்குக் காத்திருக்கும் அத்தனை வயலும் நிற்கும். நாற்றங்காலில் நாற்றின் வயது ஏறும். வயது ஏறிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும். இதற்கிடையே பெருமழை பிடித்துக்கொண்டால் தாழ்வான வயலில் இறங்கவே முடியாது. சொந்தமாக டிராக்டர் இல்லாத சிறு விவசாயிக்குத்தான் இதில் இழப்பு அதிகம்.

ஆகவே டிராக்டர் வைத்திருப்பவர் ஆவணி முடிவதற்குள் ஒரு நாளை இதற்கென ஒதுக்க வேண்டும். வாடகைக்கு அமர்த்துபவரும் எதை எதைப் பார்த்து அமர்த்த வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அங்கே பனி, இங்கே தண்ணீர்

குளிர் மிகுந்த நாடுகளில் பனிக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு விவசாயியும் தம் வண்டியைத் தயார் செய்துவிடுவார். அங்கே ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் இரவில் உறைந்துவிடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிகிறது. அந்த விரிவில் என்ஜின் வார்ப்பே வெடித்துவிடக்கூடும். அதனால் உறையாத் திரவம் கலந்து ஊற்றுகின்றனர். எடைக்காக டிராக்டர் டயரில் நிரப்பும் தண்ணீரிலும் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைக்கின்றனர். கடுங்குளிரில் டீசலில் மெழுகு திரண்டு வடிகட்டி அடைபடும் என்பதால் அதற்கென்று தனி டீசல் வாங்குகின்றனர். நம் நாட்டில் காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம் போன்ற மலைப்பகுதிகளிலும் இத்தகைய முன்னேற்பாடுகள் தேவைப்படுகின்றன.

கடலூரிலும் சிதம்பரத்திலும் எதுவும் உறைவதில்லை. இங்கே எதிரி தண்ணீர். அது டீசலில் இறங்கும், கியர் ஆயிலில் கலக்கும், கிளட்சை நனைக்கும், மின் இணைப்பில் பூஞ்சாணம் பிடித்தாற்போல் பச்சையாகப் படியும், டயருக்கும் ரிம்முக்கும் இடையே புகுந்து துருவேற்றும். கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் உப்பு நீரும் சேர்ந்து இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்கின்றன. எனவே இங்கே மழைக்கால ஏற்பாடு என்பது, தண்ணீர் புகும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதுதான்.

டீசலும் ஆயிலும்

டீசல் டேங்கின் மூடி சரியாகப் பொருந்துகிறதா, அதன் வாஷர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மூடி தொலைந்த டேங்கில் துணியைச் சுருட்டி அடைத்து ஓட்டுவது மழைக்காலத்துக்கு ஆகாது. அன்றாட வேலை முடிந்ததும் மாலையிலேயே டேங்கை நிரப்பி வைக்க வேண்டும். காலி டேங்கில் உள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிரில் நீராகி டீசலில் இறங்கும். நிரம்பிய டேங்கில் அதற்கு இடமில்லை. டீசல் வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தங்கியிருக்கும் நீரை வாரம் ஒரு முறை வடித்துவிட வேண்டும். தண்ணீர் பம்புக்குள் போய்விட்டால் பழுது பார்க்கும் செலவு பல மடங்காகும்.

அடுத்தது கிளட்ச். பல டிராக்டர்களில் கிளட்ச் கூண்டின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். புழுதி உழவின்போது அது திறந்திருக்கலாம். சேற்றுழவுக்கு இறங்குமுன் அதற்குரிய அடைப்பானைப் போட்டு மூட வேண்டும். மூடாமல் இறங்கினால் சேற்று நீர் உள்ளே புகுந்து கிளட்ச் தட்டு வழுக்கும், விரைவில் தேயும். சேற்றுழவுக் காலம் முடிந்ததும் அதைத் திறந்து நீரை வடித்துவிடுவதும் அவசியம்.

கியர் பெட்டியின் அளவுகோலை எடுத்துப் பார்த்தால் ஆயில் மோர் கலந்தாற்போல் வெளுத்திருக்கிறதா என்பது தெரியும். வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஆயில் சீலை மாற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகே வயலில் இறக்க வேண்டும். ஆயில் வகைக் காற்று வடிகட்டி உள்ள டிராக்டர்களில் அதன் கிண்ணத்தையும் இதேபோல் பார்க்க வேண்டும். சேற்றுழவு நடக்கும் நாட்களில் முன் சக்கர ஹப், கிங்பின் ஆகிய இடங்களுக்கு அன்றாடம் கிரீஸ் அடிக்க வேண்டும். புது கிரீஸ் உள்ளே போகும்போது சேறு கலந்த பழைய கிரீஸ் வெளியேறும். வெளியே வருவது சுத்தமாகத் தெரியும் வரை அடிப்பது நல்லது.

ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுவது இப்பகுதியில் சாதாரணம். கடலோரத்து உப்பு நீரும், உள்நாட்டுக் கடின நீரும் உள்ளே படிவை உண்டாக்கும். கூலண்ட் என்னும் திரவம் குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. துருவையும் அது தடுக்கும் என்பதால் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் கலந்து ஊற்றுவது இங்கும் பயன் தரும். ரேடியேட்டரின் முன்புறக் கண்ணறைகளில் ஒட்டிய சேற்றையும் வைக்கோல் துரும்பையும் தண்ணீர் பீய்ச்சி நீக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது.

பேட்டரியும் விளக்கும்

மழை நாளில் விடியற்காலை ஸ்டார்ட் ஆகாமல், ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ள வைப்பது பல ஊர்களில் காணும் காட்சி. பேட்டரித் தட்டுகளுக்கு மேல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரம் காய்ச்சி வடித்த நீர் இருக்க வேண்டும். கிணற்று நீரோ, குளத்து நீரோ, கூரையில் பிடித்த மழை நீரோ ஊற்றக் கூடாது. ஆசிட் ஊற்றுவதும் தவறு. முனைகளில் படிந்திருக்கும் பச்சை, வெள்ளைப் பொடியை வெந்நீரில் கழுவித் துடைத்து, இணைப்பை இறுக்கி, மேலே வாசலின் தடவினால் மீண்டும் படியாது. பேட்டரிக்கு அருகில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வெளிவருவது எரியக்கூடிய வாயு.

முன் விளக்கு, பின் விளக்கு, திரும்பும் விளக்கு ஆகியவற்றைச் சரி செய்வதோடு, டிரெய்லரின் பின்புறம் இரு ஓரங்களிலும் சிவப்பு ஒளிபலிப்பான் பட்டை ஒட்ட வேண்டும். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளில், தொங்கும் கரும்புத் தோகை பின் விளக்கை மறைத்துவிடுகிறது. டயர் இறங்கி இருட்டில் சாலையோரம் நிற்கும் டிரெய்லர் மீது பின்னால் வரும் வண்டி மோதுவதற்கு இதுவும் ஒரு காரணம். பஞ்சர் என்பது ஐந்து நிமிட எரிச்சல்தான் என்று எண்ணக் கூடாது. சாலையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஆபத்தான நிமிடம்.

டயரில் காற்று எவ்வளவு?

காற்றடைத்த ரப்பர் டயரை 1888-ஆம் ஆண்டு அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் செய்து காட்டினார். தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதே அவர் நோக்கம். டிராக்டருக்கு அது வந்தது 1930-க்குப் பிறகுதான். அதற்கு முன் டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்திலேயே ஓடின. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் பாரத்தைத் தாங்குவது டயர் அன்று, அதனுள் இருக்கும் காற்றுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

பஞ்சர் கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டாலே இது விளங்கும்.

"எவ்வளவு காத்து வைக்கட்டும் அண்ணே?"

"கல்லு மாதிரி வை தம்பி. அப்பத்தான் ரொம்ப நாளைக்கு இறங்காது."

இது சரியன்று. சாதாரணமாக டிராக்டரின் முன் சக்கரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 முதல் 2.5 கிலோ வரையிலும், பின் சக்கரத்துக்கு 0.8 முதல் 1.5 கிலோ வரையிலும் காற்றழுத்தம் போதும். பவுண்டுக் கணக்கில் முன் சக்கரத்துக்கு 21 முதல் 35, பின் சக்கரத்துக்கு 11 முதல் 21 என்று கொள்ளலாம். வயல் வேலைக்குக் கீழ் அளவும், சாலையில் பாரம் இழுக்க மேல் அளவும் ஏற்றவை. அந்தந்த டிராக்டரின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. டிரெய்லர் டயருக்கு அதன் பக்கவாட்டில் அச்சிட்ட அளவைப் படித்துப் பார்த்து, அதற்கு மேல் போகாமல் அடிக்க வேண்டும்.

பின் டயரில் காற்று அதிகமானால் டயர் உருண்டையாகி மண்ணில் படும் பரப்பு குறையும். ஈர நிலத்தில் சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது, டீசல் வீணாகும். காற்று மிகக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிப்பு விடும். பாரம் இழுக்கும்போது ரிம்மின் மீது டயர் நழுவி, டியூபின் வால்வையே வேரோடு அறுத்துவிடும். முள்ளே குத்தாமல் பஞ்சர் ஆவது இப்படித்தான்.

காற்றை எப்போதும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் முன் சக்கரம் போன்ற டயரில் அழுத்தம் சுமார் ஒரு பவுண்டு குறையும். சித்திரை வெயிலில் அடித்த காற்று மார்கழிப் பனியில் அதே அளவு காட்டாது. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகத் தெரிகிறதென்று காற்றை இறக்கிவிடுவதும் தவறு. காற்றளக்கும் கருவி ஒன்று சொந்தமாக வைத்திருப்பது நல்லது. அதன் விலை ஒரு டியூபின் விலையை விடக் குறைவு.

எடைக்காகப் பின் டயரில் தண்ணீர் நிரப்புபவர்கள், வால்வை மேற்புறம் நிறுத்தி, கொள்ளளவில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் நிரப்பி, மீதியைக் காற்றால் நிரப்ப வேண்டும். புன்செய் உழவில் சக்கரம் வழுக்காமல் இருக்க இது உதவும். சிதம்பரம் பகுதியின் களிமண் வயலில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவுக்கு இறங்குமுன் இந்த நீரை வடித்துவிட வேண்டும். கூடுதல் எடையோடு சேற்றில் இறங்கும் டிராக்டர் புதையும். கேஜ் வீலோடு தார்ச் சாலையில் ஓட்டுவது கூடாது. சாலையும் கெடும், சக்கரமும் கெடும்.

முள் வரும் வழி

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் பூமியில் சரளைக் கல்லும், முந்திரித் தோப்பில் வெட்டி விட்ட அடிக்கட்டையும் டயரைக் குத்துகின்றன. சிதம்பரம் பக்கத்தில் சீமைக் கருவேல முள்தான் முதல் எதிரி. வேலிக்கும் விறகுக்கும் வெட்டும்போது சிதறும் கிளைகள் வண்டிப் பாதையில் கிடக்கும். மழை பெய்ததும் பாதை சேறாகி முள் உள்ளே மறையும். ஈரமான ரப்பரில் முள் எளிதாக ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. மழைக்கு முன் தம் வயலுக்குப் போகும் பாதையை ஒரு முறை கூட்டி, முள்ளைக் குவித்து எரிப்பது பத்துப் பஞ்சரைத் தடுக்கும். ஊரார் ஒன்று கூடிச் செய்தால் அரை நாள் வேலை.

பஞ்சர் ஒட்டும் முறை

பஞ்சர் கடை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் மழையில், வயலோரத்தில், அவசரத்தில் டிரெய்லர் அல்லது டயர் வண்டிச் சக்கரத்தைத் தாமே கழற்றி ஒட்ட வேண்டிய நேரமும் வரும். முறை தெரிந்தவர் ஒட்டிய ஒட்டு டியூப் உள்ளவரை நிற்கும். முறை தெரியாத ஒட்டு மறுநாளே விடும்.

முதலில் பாரத்தை இறக்கி, சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஈர மண்ணில் ஜாக்கி இறங்கிவிடும் என்பதால் அதன் அடியில் கனமான பலகை வைத்து ஏற்ற வேண்டும். ஏற்றியதும் அச்சுக்கு அடியில் மரக்கட்டை அடுக்கித் தாங்கல் கொடுத்த பின்பே சக்கரத்தைக் கழற்றலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ நீட்டக் கூடாது.

வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகே டயர் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவிக்க வேண்டும். லிவர் கொண்டு சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். கடப்பாரையால் குத்தினால் டியூபில் இன்னொரு துளை விழும். விளிம்பு எளிதில் வழுக்கி வரச் சோப்பு நீர் போதும். கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் தடவக் கூடாது. அவை ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும்.

டியூபை வெளியே எடுத்துச் சிறிது காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வருமிடம் தெரியும். ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிடாமல் முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். வால்வின் அடியையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளையையும் சுற்றி அடையாளம் இட வேண்டும்.

அடுத்த வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் மெல்லத் துடைத்துக்கொண்டே சுற்றி வர வேண்டும். முறிந்த முள் முனை இருந்தால் துணி அங்கே மாட்டும். டியூபில் துளை இருந்த இடத்துக்கு நேரான டயர்ப் பகுதியை இரு கையாலும் விரித்துப் பார்த்து, முள்ளைக் குறடு கொண்டு பிடுங்க வேண்டும். கருவேல முள் பாதி முறிந்து உள்ளேயே தங்கும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால், பத்து மைல் போவதற்குள் அதே இடத்தில் மீண்டும் குத்தும். குறை சொல்லப்படுவது பஞ்சர் கடைக்காரர், குற்றம் செய்தது முள்.

துளையைச் சுற்றி, ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். தூசியைத் தட்டிவிட்டுச் சொலுஷனை மெல்லிதாகத் தடவ வேண்டும். உடனே ஒட்டக் கூடாது. ஈரம் போய் லேசாகப் பிசுபிசுக்கும் பதம் வர ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மழை நாளில் இன்னும் கூடுதல் நேரம் ஆகும். சீக்கிரம் காயட்டும் என்று வாயால் ஊதுவது வழக்கம். மூச்சிலுள்ள ஈரம் அதில் படிந்து ஒட்டைக் கெடுக்கும். பதம் வந்ததும் துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்துக் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்ட வேண்டும். பிறகு தண்ணீரில் மீண்டும் சோதித்து, துடைத்து உலர்த்தி, முகப்பவுடர் தூவி உள்ளே வைக்கலாம்.

மழைக்காலத்தில் ஒட்டு விட்டுப் போவதற்கு முதற் காரணம் ஈரம்தான். நனைந்த ரப்பரில் எந்தச் சொலுஷனும் பிடிக்காது. கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒட்டுவதைவிட, மழைக்கு முன்பே ஒட்டிச் சோதித்த மாற்று டியூப் ஒன்றைச் சாக்கில் சுற்றி வண்டியிலேயே வைத்திருந்து, அதை மாட்டிவிட்டு, பழையதை வீட்டுத் திண்ணையில் உலர வைத்து ஒட்டுவதே சரி. பெரிய கிழிசலுக்கும், வால்வை ஒட்டிய துளைக்கும் பட்டறையில் சூடேற்றிப் போடும் ஒட்டே நிற்கும்.

திரும்ப மாட்டுமுன் ரிம்மில் உள்ள துருவைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். துருச் செதில் டியூபை அரிக்கும். பிளாப் உள்ள டயரில் அதை மடிப்பு விழாமல் வைக்க வேண்டும். டிராக்டர் பின் டயராக இருந்தால், அதன் பட்டன்களின் 'வி' போன்ற கூர்முனை முதலில் மண்ணைத் தொடும்படி மாட்ட வேண்டும். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்கி, சில மைல் ஓடிய பிறகு மீண்டும் ஒரு முறை இறுக்க வேண்டும்.

உயிரைக் குடிக்கும் மூன்று தவறுகள்

முதலாவது, காற்றடிக்கும்போது டயருக்கு நேராகக் குனிந்து நிற்பது. விளிம்பு ரிம்மில் படிவதற்காக அளவுக்கு மேல் காற்றை ஏற்றினால் விளிம்புக் கம்பி அறுந்து வெடிக்கும். டிராக்டர் பின் டயரில் 35 பவுண்டுக்குள் விளிம்பு படியாவிட்டால், காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி மறுபடி முயல வேண்டும். எப்போதும் பக்கவாட்டில் தள்ளி நின்றே காற்றடிக்க வேண்டும். விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே விரலை விடக் கூடாது. பூட்டு வளையம் வைத்த ரிம் என்றால் தாமே கழற்ற முற்படாமல், சங்கிலி கட்டியோ கூண்டில் வைத்தோ காற்றடிக்கும் பட்டறைக்கே கொண்டு செல்ல வேண்டும். சரியாகப் படியாத வளையம் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

இரண்டாவது, தேய்ந்த டயரோடு பாரம் ஏற்றுவது. நூல் தெரியும் டயரை ஒட்டுப் போட்டு ஓட்டி மிச்சப்படுத்தும் பணம், நனைந்த சாலையில் ஒரு முறை சறுக்கினால் போய்விடும்.

மூன்றாவது, சேற்றில் புதைந்த டிராக்டரின் பின் சக்கரங்களுக்கு முன்னால் மரக்கட்டையைக் கட்டி, கியர் போட்டு முன்னுக்கு ஏற முயல்வது. சக்கரம் சுழல முடியாமல் நிற்கும்போது என்ஜினின் விசை டிராக்டரின் முன்பகுதியையே தூக்கும். கண் இமைக்கும் நேரத்தில் வண்டி பின்பக்கமாகக் கவிழும், ஓட்டுபவர் அடியில் சிக்குவார். புதைந்தால் கலப்பையைக் கழற்றி, சக்கரத்தின் பின்புறச் சேற்றை வெட்டிப் பின்னோக்கி எடுக்க முயல வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு டிராக்டரால் இழுக்க வேண்டும். இழுக்கும் வண்டியில் கயிற்றை எப்போதும் தாழ்வான இழுவைக் கம்பியில்தான் கட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் அந்த வண்டியும் கவிழும்.

மாட்டு வண்டியும் மொபெட்டும்

டயர் வைத்த மாட்டு வண்டியில் இரு சக்கரத்துக்கும் காற்று சமமாக இருக்க வேண்டும். ஒன்று இறங்கியிருந்தால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, நுகத்தின் பாரம் ஒரு மாட்டின் கழுத்திலேயே விழும். கழுத்து வீங்கி அந்த மாடு பத்து நாள் வேலைக்கு ஆகாமல் போகும். மாடு முரண்டு செய்கிறது என்று அடிப்பதற்கு முன் டயரை ஒரு முறை அமுக்கிப் பார்ப்பது நல்லது. மழைக்கு முன் ஹப்பைக் கழற்றி பேரிங்குக்குப் புதிய கிரீஸ் வைக்க வேண்டும்.

பாலும், உரமும், காய்கறியும் கொண்டு போகும் மொபெட்டே இன்று பல சிறு விவசாயிகளின் பார வண்டி. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதை ஏற்றுமுன் பின் டயரில் காற்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தைக் கடந்த பிறகு பிரேக்கை மெதுவாக இரண்டு மூன்று முறை பிடித்துவிட்டுச் சென்றால் அது உலர்ந்து பிடிக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, முந்திரியும் பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பரில் பெருமழையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை வெள்ளமும் மாவட்டத்தை வாட்டின. ஆகவே எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை மரத்தடியிலிருந்தும் பழைய சுவர் ஓரத்திலிருந்தும் அப்புறப்படுத்தி மேட்டுப்பாங்கான இடத்தில் நிறுத்த வேண்டும். டேங்கை நிரப்பி, புகைக்குழாய் வாயை மூடி, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வைக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பின் ஆட்களையும் அரிசியையும் ஏற்றிச் செல்ல முதலில் தேவைப்படுவது ஊரில் உள்ள டிராக்டர்தான்.

அப்படியும் வெள்ளத்தில் மூழ்கிவிட்டால், நீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப் போல் சுருங்காது. பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மெக்கானிக்கை அழைத்து, டீசல், என்ஜின் ஆயில், கியர் ஆயில் அனைத்தையும் வடித்து மாற்றி, காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து, சிலிண்டரில் நீர் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை

சோதித்த மாற்று டியூப், ஜாக்கி, அதற்கு அடியில் வைக்கப் பலகை, தாங்கல் கட்டைகள், டயர் லிவர் இரண்டு, வீல் நட்டு ஸ்பானர், காற்றளக்கும் கருவி, வால்வு பின் நான்கைந்து, உப்புத்தாள், சொலுஷன், ஒட்டுத் துண்டுகள், குறடு, டார்ச் விளக்கு, சிவப்புத் துணி. இவை அனைத்தும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் அடங்கும். அந்த வாளியே டியூபைச் சோதிக்கத் தண்ணீர்த் தொட்டியாகவும் உதவும்.

டிராக்டரை வாடகைக்கு அமர்த்துபவர், உழவு தொடங்க இரண்டு நாள் முன்பாகவே டயரையும், கேஜ் வீலையும், மாற்று டியூப் இருக்கிறதா என்பதையும் ஓட்டுநரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்வது தவறாகாது. வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. உழவு நெருக்கடிக்கு முன்பே பதிவு செய்துகொள்வது நலம். பராமரிப்பு பற்றிய ஐயங்களுக்கு அத்துறையின் அலுவலகத்தையோ, விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

வடிகட்டியில் நீர் வடிப்பதற்கும், பேட்டரி முனை துடைப்பதற்கும், பாதையில் முள் கூட்டுவதற்கும், ஒரு டியூபை உலர வைத்து ஒட்டுவதற்கும் ஆகும் நேரம் ஒரு பகல். வேலை நெருக்கடியில் வண்டி நின்றால் போகும் நாட்கள் அதைவிடப் பல மடங்கு. வானம் தெளிந்திருக்கும் ஆவணியிலேயே அந்த ஒரு பகலை ஒதுக்கிவிட்டால், நாற்று வயது ஏறாமல் நடவு முடியும்.